ஆளில்லாத வீட்டில் இருந்தவர்

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணியிருக்கும். இடியப்பத்துக்குச் சொதி வைத்துக்கொண்டு நின்றேன். ஃபோன் அடித்தது. பூமணி அக்கா. "சரோ, ஞாயிற்றுக்கிழமை நீர் எங்கட வீட்டில வந்து இருக்கேலுமோ?" என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. வேறு யாருக்கும் அது ஏதோ விருந்துக்குக் கூப்பிடுவது போலத்தான் கேட்டிருக்கும். எனக்கு விளங்கிவிட்டது. அடுப்பை நிற்பாட்டிவிட்டுக் குசினிக் கதவில் சாய்ந்துகொண்டேன். மூன்று நாளாக ஆஸ்பத்திரியில் கிடந்த அவருடைய கணவர் தில்லை அண்ணை போய்விட்டார்.

"ஓம் அக்கா, வாறன்" என்றேன். அழுதேனா என்று கேட்டால், இல்லை. உடம்பெல்லாம் ஒரே களைப்பாக இருந்தது. வெள்ளவத்தையில் இந்த ஒரு வருசத்தில் எத்தனை செத்தவீடு! வெள்ளைச் சேலையைத் தோய்த்து மடித்து வைக்க நேரமில்லாமல் திரும்ப எடுக்க வேண்டியிருக்கிறது. இந்தத் தடவை அந்தச் சேலைக்கும் வேலையில்லை என்பது அப்போதே தெரிந்தது.

இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. ஞாயிறன்று அவரை வைத்திருந்த பொரளை மலர்ச்சாலையில் எங்கள் பழைய பத்திரிகை அலுவலக ஆட்கள் நீங்கள் என்னைத் தேடியிருக்கிறீர்கள். "இருபத்துமூண்டு வருசம் பக்கத்துக் கதிரையில இருந்தவ, ஒருக்கா வந்து முகம் பாக்கேல்லை" என்று ஒருவர் சொன்னது என் காதுவரை வந்தது. சொன்னவர் யாரென்றும் தெரியும். போகட்டும். எனக்கு அந்த முகத்தைப் பார்க்க ஆசையில்லாமல் இல்லை. பார்த்துவிட வேண்டும் என்று அன்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நடந்ததைச் சொல்கிறேன், பிறகு நீங்களே சொல்லுங்கள்.

தில்லையம்பலம் என்ற பெயரை வெளியில் பலருக்குத் தெரியாது. ஆனால் கொழும்பில் தமிழ்ப் பத்திரிகை வாங்கிய வீடுகளில் அவர் கை படாத வீடு குறைவு. மரண அறிவித்தல் எடுக்கும் மேசையில் அவரும் நானும் இருந்தோம். சனம் அழுத கண்ணோடு வரும். அவர் தண்ணீர் கொடுத்து இருத்தி, பிறந்த ஊர், வசிப்பிடம், இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் பாசமிகு தந்தை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுவார். நான் சரி பார்ப்பேன். வீட்டு இலக்கத்தை மட்டும் மூன்று தரம் வாசித்துக் காட்டுவார். "இலக்கம் பிழைச்சால் வாற சனம் வெயிலுக்குள்ள அலையும்" என்பார். அந்த இலக்கத்தாலேயே தனக்கு ஒரு நாள் நித்திரை போகும் என்று அவர் நினைக்கவில்லை.

ஒரு நாள் முப்பத்தோராம் நாள் அறிவித்தல் கொடுக்க ஒரு பிள்ளை வந்தது. தாய் செத்த அறிவித்தலையும் எங்களிடம்தான் கொடுத்தது. "அண்ணை, இந்த முறை அட்ரஸ் போடவேண்டாம்" என்றது. ஏன் என்று கேட்டோம். தாயின் சவம் மலர்ச்சாலையில் இருந்த நேரம் வீட்டை உடைத்திருக்கிறார்கள். ஃபிளாட்டில் சவத்தைக் கொண்டுவந்து வைக்க விடுவதில்லை, உங்களுக்குத் தெரியும். வீட்டிலுள்ள அத்தனை பேரும் விடிய வெளிக்கிட்டால், எல்லாம் முடித்துத் திரும்பப் பின்னேரமாகிவிடும். "கொண்டுபோனது போகட்டும் அண்ணை. அம்மான்ர சீலையெல்லாத்தையும் இழுத்துப் போட்டு உழக்கிப்போட்டுப் போயிருக்கிறாங்கள். அதில அவவின்ர மணம் இருந்தது" என்று சொல்லி அந்தப் பிள்ளை மேசையில் தலையை வைத்துக்கொண்டது.

அன்று மத்தியானம் தில்லை அண்ணை சாப்பாட்டுப் பார்சலை அவிழ்க்கவில்லை. "சரோ, பெயரைப் போடுறம், இலக்கத்தைப் போடுறம், எத்தினை மணிக்கு எல்லாரும் வெளிக்கிடுவினம் எண்டும் போடுறம். காணாததுக்குச் சந்தியிலயிருந்து வீடு மட்டும் வெள்ளைக்கொடி கட்டி வழி காட்டுறம். கள்ளனுக்கு இதைவிட ஆர் உதவி செய்யேலும்?" என்றார். நான், "சும்மா இருங்கோ அண்ணை, கீழ வோச்சர் இருக்கிறார்தானே" என்றேன். "செத்தவீட்டண்டைக்கு வெள்ளைச் சட்டை போட்டு வாறவனை எந்த வோச்சர் மறிப்பான்?" என்று கேட்டார்.

அதன் பிறகு வருகிறவர்களிடமெல்லாம் முகவரி போட வேண்டாம் என்று மன்றாடிப் பார்த்தார். ஒருவரும் கேட்கவில்லை. "அப்ப சனம் எப்பிடி வாறது?" என்று அவரையே திருப்பி ஏசினார்கள். எங்கட ஆட்களுக்குச் செத்தவீட்டில் கூட்டம் இல்லாவிட்டால் மானம் போய்விடுமே! சரி, சொன்னால் கேட்கமாட்டார்கள், போய் இருந்துவிடுவோம் என்று முடிவெடுத்தார். முதலில் சொந்தக்காரர் வீடு, பிறகு ஒழுங்கைக்காரர் வீடு, பிறகு தெரிந்தவருக்குத் தெரிந்தவர் வீடு. பென்சன் எடுத்த பிறகு இதுவே வேலையானது. எல்லோரும் மலர்ச்சாலையில் நிற்க, இவர் ஆளில்லாத வீட்டில் கதிரை போட்டு இருப்பார். ஆகவே எந்தச் செத்தவீட்டிலும் அவர் முகத்தை யாரும் கண்டதில்லை. அது ஏன் என்று தெரியாதவர்கள் அவரை ஒட்டாத மனிதர் என்றார்கள். அவருடைய சொந்த மச்சான் ஒருவர் இதற்காகவே கடைசிவரை அவரோடு கதைக்கவில்லை.

வெறுங்கையோடு போகமாட்டார். ஒரு ரெக்சின் பை. அதற்குள் திருப்புளி, இரண்டு ஆமைப்பூட்டு, நாலைந்து கொண்டி, சின்ன ரேடியோ, ஃபிளாஸ்கில் பிளேன்ரீ. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சோடி செருப்பு, பதினோராம் நம்பர். மருதானையில் நடைபாதையில் வாங்கியது. அவருடைய காலுக்கு ஆறாம் நம்பரே கொஞ்சம் பெரிது. வீட்டுக்காரர் வெளிக்கிட்டதும் அந்தப் பெரிய செருப்பைக் கதவுக்கு வெளியே, ஒன்று நேராகவும் ஒன்று கொஞ்சம் சரிந்தும், இப்போதுதான் யாரோ கழற்றிவிட்டு உள்ளே போன மாதிரி வைப்பார். "உள்ளுக்கு ஆறடியில ஒருத்தன் இருக்கிறான் எண்டு நினைக்கட்டுமன்" என்பார். அவர் ஐந்தடி இரண்டங்குலம்.

பிறகு வீட்டைச் சுற்றி வருவார். பின்கதவு, பல்கனிக் கிறில், குளிக்கிற அறைக்கு மேலே இருக்கிற சின்ன ஜன்னல். கொடியில் காய்கிற உடுப்பை எடுக்க விடமாட்டார். எல்லாவற்றையும் மடித்து உள்ளே வைத்தால் வீடே ஆளில்லை என்று கத்துமாம். இதையெல்லாம் கேட்டு நான் வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறேன். "நீங்கள் கள்ளனாய்ப் பிறந்திருக்க வேணும்" என்று சொல்லியிருக்கிறேன். அவருக்கும் சிரிப்பு வரும், ஆனால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும்.

என் மனிசன் செத்த அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. கனத்தை மயானத்திலிருந்து வந்து வாடகை வானால் இறங்கினால், கேற்றடியில் மஞ்சள் தண்ணீர் வாளியும் ஒரு செம்பும் இருந்தன. உள்ளே மனிசனின் படத்துக்கு முன்னால் நான் ஏற்றிவிட்டுப் போன விளக்கு அணையாமல் எரிந்தது. யாரோ எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். தில்லை அண்ணை செருப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பினார். நான் அவருக்கு முன்னால் நின்றேன். ஏதாவது ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், "குசினி ஜன்னல் கொக்கி சரியில்லை சரோ. இப்போதைக்குக் கம்பி சுத்தியிருக்கிறன். மாத்தும்" என்றார். அவ்வளவுதான். எனக்கு வந்த கோபத்தில் கன்னாபின்னாவென்று ஏசினேன். என் மனிசனை எரித்துவிட்டு வந்து நிற்கிறேன், இந்த மனுசன் கொக்கியைப் பற்றிக் கதைக்கிறாரே! ஏசி முடிந்த பிறகுதான் அழுகை வந்தது. காலையிலிருந்து வராத அழுகை. அவர் கதிரையைத் திருப்பிப் போட்டு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நான் அழுது முடியும்வரை இருந்துவிட்டுப் போனார்.

இனி, அவர் விட்ட பிழையைச் சொல்ல வேண்டும். செத்தவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போங்கள்.

அவர் பென்சன் எடுக்க முந்தின வருசம், கிருலப்பனையில் ஒரு வீடு. செத்தவர் மட்டக்களப்பு ஆள், இங்கே கலியாணம் செய்து இருந்துவிட்டவர். வழமைபோல எல்லோரும் மலர்ச்சாலைக்குப் போக, தில்லை அண்ணை உள்ளே இருந்திருக்கிறார். மத்தியானத்துக்குப் பிறகு ஒருவர் கேற்றடிக்கு வந்தார். தோளில் பை, கையில் பத்திரிகையில் வெட்டிய அறிவித்தல் துண்டு. "இது இந்த வீடுதானே?" என்று கேட்டார். அந்தத் துண்டைக் கண்டதும் இவருக்கு நெஞ்சு அடித்திருக்கிறது. இத்தனை வருசமாக மனதில் படம் போட்டு வைத்திருந்த கள்ளன் அப்படியே வந்து நிற்கிறான்! கேற்றைத் திறக்கவில்லை. "நான் அவர்ர தம்பி. கோச்சி ஸ்டேசனுக்கு வரப் பிந்திப் போச்சு" என்று அந்த மனிதர் சொன்னதை நம்பவில்லை. எந்த மலர்ச்சாலை என்று கேட்டதற்கும் பதில் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுச் சொல்வோம் என்று ஃபோன் எடுத்தால், கிரியை நேரம், ஒருவரும் எடுக்கவில்லை. அந்த மனிதர் வெயிலில் நின்றார். ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் யாரோ திருப்பி எடுத்தார்கள். "ஐயோ, அது தம்பியெல்லோ! இப்பதான் பெட்டியை எரிக்க உள்ளுக்குத் தள்ளினம்" என்றார்கள்.

"கேற்றைத் திறந்தன் சரோ. அந்த மனுசன் என்னை ஒரு சொல்லு ஏசேல்லை. குடிக்கத் தண்ணி தாங்க எண்டு மட்டும் கேட்டார்" என்று என்னிடம் வந்து சொன்னார். அந்தத் துண்டை எழுதியவரும் இவர்தான். வீட்டு இலக்கத்தை மூன்று தரம் வாசித்துச் சரி பார்த்த துண்டு. எந்த மலர்ச்சாலை என்பது முடிவாகும் முன்பே அச்சுக்குப் போய்விட்டது.

இரண்டு மாதம் அவர் எந்த வீட்டுக்கும் போகவில்லை. பை கட்டிலுக்குக் கீழே கிடந்தது. "கள்ளன் கொண்டுபோனால் திரும்ப வாங்கலாம். நான் அந்த மனுசனிட்ட எடுத்ததை எங்க வாங்குறது?" என்று கேட்டார். பிறகு பக்கத்து ஒழுங்கையில் ஒரு சாவு. வீட்டில் இரண்டு பொம்பிளைகள் மட்டும். வந்து கூப்பிட்டார்கள், போனார். ஆனால் அன்றிலிருந்து பூட்டைப் பார்க்க முதல் வேறொரு வேலை செய்தார். வீட்டுக்காரரை இருத்திவைத்து, "ஆர் ஆர் இன்னும் வரேல்லை?" என்று கேட்டு, ஒவ்வொரு பெயராக ஒரு துண்டில் எழுதிக்கொள்வார். எங்கிருந்து வருகிறார்கள், எதில் வருகிறார்கள், ஆள் எப்படியிருப்பார், எல்லாம் கேட்பார். நிமல் என்ற ஓட்டோக்காரரை வாசலில் நிற்பாட்டி வைப்பார், பிந்தி வருகிறவரை உடனே ஏற்றி அனுப்புவதற்கு. கள்ளனுக்குப் பயந்து வீடு காக்க வந்த மனிதர், பிந்தி வருகிற உறவுக்காகக் காத்திருக்கிறவராக மாறிப்போனார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். அறிவித்தலில் முகவரி போட வேண்டாம் என்று அவர் சொல்லி வைத்திருந்தும், வெளிநாட்டிலிருந்து வந்த மகன் போட்டுவிட்டான். ஃபோனில் சுற்றிய அறிவித்தலில் வீட்டு வாசலின் படமும் இருந்தது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அவனுக்குத் தகப்பன். பூமணி அக்கா வெளிக்கிடும்போது நான் கேட்டேன், "அக்கா, ஆர் ஆர் இன்னும் வரேல்லை?" அவர் யோசித்துவிட்டு, "எல்லாரும் வந்திட்டினம் சரோ. இனி ஆரும் இல்லை" என்றார். நான் பெரிய செருப்பை எடுத்து வாசலில் வைத்தேன். ஒன்று நேராக, ஒன்று கொஞ்சம் சரிவாக. அவருடைய ரேடியோவைப் போட்டுவிட்டு அவருடைய கதிரையில் இருந்தேன்.

ஒரு மணிக்கு மேல்மாடி ஜெயா வந்து என்னை மாற்றிவிடுவதாக ஏற்பாடு. இரண்டரைக்குப் பெட்டி மூடுவார்கள். நிமல் கீழே ஓட்டோவோடு நின்றார். வெள்ளைச் சேலையும் உடுத்தித்தான் போயிருந்தேன், நப்பாசை. ஒரு மணியானது, ஜெயா இல்லை. ஒன்றேகாலுக்கு ஃபோன் எடுத்தால், "ஐயோ அக்கா, மறந்தே போனன், எல்லாரோடையும் வானில ஏறி வந்திட்டன்" என்கிறாள். என்னத்தைச் சொல்ல? நிமல் மேலே வந்து, "யமுத அக்கே?" என்று சிங்களத்தில், போவோமா என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். முழங்கால் நோவு ஒரு பக்கம், மனநோவு ஒரு பக்கம். பூட்டிவிட்டுப் போனால் என்ன என்றும் நினைத்தேன். ஒரு மணித்தியாலம்தானே! ஆனால் வேறு எந்த வீட்டைப் பூட்டிவிட்டுப் போனாலும் இந்த வீட்டை முடியுமா?

ஒன்றரை கழிந்திருக்கும். கதவு மணி அடித்தது. கிறிலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் நின்றார். எழுபது வயதிருக்கும், கறுத்த, மெலிந்த ஆள். தோளில் பை. கையில் பத்திரிகையில் வெட்டிய துண்டு.

என் கை கொண்டியில் இருந்தது. பொய் சொல்லமாட்டேன், எனக்கும் நெஞ்சு அடித்தது.

"தில்லையம்பலம் ஐயாட வீடுதானே?" என்றார். "நான் யோகராசா. மட்டக்களப்பு. ஐயாவுக்கு என்னத் தெரியும். என்ட அண்ணன் கிருலப்பனையில செத்த நேரம்..." என்று சொல்ல வந்தவர் நிறுத்திவிட்டார். பிறகு, "ஒவ்வொரு வருசமும் அண்ணன்ட திவசத்துக்கு ஐயா கோல் எடுப்பாரு. சாப்பிட்டயா, சுகமா எண்டு கேப்பாரு. இந்த வருசம், போன புதன்கிழமை, எடுக்கல்ல. அதுக்குப் பொறகு பேப்பரப் பாத்துக்கிட்டே இரிந்த நான்" என்றார்.

இதைப் பற்றித் தில்லை அண்ணை என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. பூமணி அக்காவுக்கும் தெரியாது என்று பிறகு அறிந்தேன். கொண்டியை இழுத்துக் கிறிலைத் திறந்தேன். தண்ணீர் கொடுத்தேன். நின்றபடியே குடித்துவிட்டு என் வெள்ளைச் சேலையைப் பார்த்தார். "நீங்க போகல்லையா?" என்று கேட்டார். வீட்டில் இருக்க ஆளில்லை என்றேன். "அப்ப நீங்க போயிட்டு வாங்க. நான் இரிக்கன்" என்றார்.

வாசலில் ஓட்டோ. கையில் வீட்டைப் பூட்டுகிற திறப்பு. இரண்டரைக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம். நீங்கள் எல்லோரும் என்னைத் தேடிக்கொண்டிருந்த நேரம் அதுதான். போயிருந்தால் பார்த்திருப்பேன்.

நான் போகவில்லை. "நீங்கள் போங்கோ அண்ணை, கெதியாப் போங்கோ" என்று அவரைப் பிடித்துத் தள்ளாத குறையாக ஓட்டோவில் ஏற்றினேன். ஒரு தடவை முகம் பார்க்க விடாமல் மறிக்கப்பட்ட மனிதர். அவரை இன்னொரு தடவை காவல் இருத்திவிட்டு நான் போய்ப் பார்ப்பதா என்ற எண்ணம் வந்தது உண்மை. பத்து நிமிசம் முன்னர் கண்ட ஒருவரிடம் தில்லை அண்ணையின் வீட்டை எப்படி விடுவது என்ற எண்ணம் வந்ததும் உண்மை. இரண்டில் எது முதலில் வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். அதை நான் என்னிடமே கேட்காமல்தான் இருக்கிறேன்.

நாலு மணிக்கு அவர் மற்றவர்களுக்கு முதலே திரும்பி வந்தார். கேற்றடியில் நான் வைத்திருந்த வாளியில் கால் கழுவினார். மேலே வந்து வாசலில் இருந்த பெரிய செருப்புக்குப் பக்கத்தில் தன் செருப்பைக் கழற்றி வைத்தார்.

"பாத்தீங்களோ?" என்று கேட்டேன்.

"பாத்தன். மூட முன்னுக்குப் போயிட்டன்."

"முகம் எப்பிடி இருந்தது?"

"எல்லாரும் சொல்ற மாதிரி நித்திர கொள்ற முகமில்ல தங்கச்சி. எதையோ மறந்துட்டமா எண்டு யோசிக்கிற முகம்" என்றார். எனக்கு அது போதும். அந்த முகத்தை எனக்குத் தெரியும். இருபத்துமூன்று வருசம் வீட்டு இலக்கத்தை மூன்றாம் தரம் வாசிக்கும்போது பக்கத்துக் கதிரையில் நான் பார்த்த முகம்தான் அது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அந்த மனிதர் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொள்ளவில்லை, அவரும் சேர்ந்து அழுதார்.

பூமணி அக்கா வந்து குளித்துவிட்டு, நான் வெளிக்கிடும்போது ரெக்சின் பையை என் கையில் தந்தார். "இதை வைச்சு நான் என்ன செய்யிறது?" என்றார். நான் என்ன செய்யிறது என்று கேட்க எனக்கும் வாய் வந்தது. பையை வாங்கிக்கொண்டேன்.

பை இப்போது என் வீட்டில் இருக்கிறது. ரேடியோ பாடவில்லை, பற்றரி மாற்ற வேண்டும். குசினி ஜன்னலில் அவர் சுற்றிய கம்பி இன்னும் அப்படியே இருக்கிறது. கொக்கியை நான் மாற்றவேயில்லை, இனி மாற்றவும் மாட்டேன். ஏசுவதானால் வந்து ஏசட்டும்.

இன்றைக்குக் காலை கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் ஃபோன் எடுத்தார். முன்பின் தெரியாத ஆள். தகப்பன் போய்விட்டாராம், நாளைக்குக் கிரியையாம், தில்லையம்பலம் ஐயாவுக்குப் பதிலாக நீங்கள் வருவீர்கள் என்று யாரோ சொன்னார்களாம். எனக்கு அறுபத்தெட்டு வயது. முழங்கால் மடங்காது. வெள்ளவத்தையில் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனை போய் அன்னியர் வீட்டில் நாள் முழுக்கக் குந்தியிருக்க எனக்கு என்ன விசரா? ஏலாது தம்பி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மூலையில் அந்தப் பதினோராம் நம்பர் செருப்பு, ஒன்று நேராக, ஒன்று சரிந்து கிடந்தது.

"சரி, பேப்பரும் பேனையும் எடுத்து வைச்சிட்டன், சொல்லுங்கோ தம்பி" என்றேன். "ஆர் ஆர் இன்னும் வரேல்லை?"